பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நீண்ட காலமாகக் கடை நடத்துகிறவர்களிடம் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கணினி இருக்கும். சரக்கு இருப்பு, கடன் பாக்கி, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அந்தக் கணினி படுத்துவிடும். அவசரமாகப் புது லேப்டாப் வாங்கி வருவார்கள், அதில் பழைய புரோகிராம் திறக்காது. அந்தப் பதற்றத்தில் கண்டதையும் செய்து பார்த்து, பல வருடக் கணக்கையே தொலைத்த கடைகள் உண்டு.

"ஓடவில்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் நான்கு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். புராசஸருக்கு அந்தக் கட்டளைகள் புரியாமல் இருக்கலாம். புராசஸருக்குப் புரிந்தாலும் விண்டோஸ் இடம் கொடுக்காமல் இருக்கலாம். பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். அல்லது புரோகிராம் ஒழுங்காக ஓடியும் தரவு வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளாமல் கைவைப்பதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் பிறக்கின்றன.

வேகத்தைப் பார்த்து வாங்குவது

"அண்ணே, ஐ7 வாங்கியிருக்கேன், பழைய பென்டியத்துல ஓடினது இதுல ஏன் ஓடல?" என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். ஆனால் ஐ7, கிகாஹெர்ட்ஸ் எல்லாம் புராசஸரின் தரத்தையும் வேகத்தையும்தான் சொல்கின்றன. ஆர்க்கிடெக்சர் என்பது அந்தப் புராசஸருக்கு எந்தெந்தக் கட்டளைகள் புரியும், நினைவகத்தை அது எப்படி எண்ணும் என்பதைப் பற்றியது. புரோகிராம் ஓடுமா என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்.

நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை ஒரே வம்சம். 1978இல் இன்டெல் வெளியிட்ட 8086 ஒரு 16 பிட் புராசஸர், அதாவது 0, 1 என்ற இலக்கங்களை 16 16ஆகக் கையாள்வது. 1985இல் வந்த 386 அதை 32 பிட்டாக்கியது. 2003இல் போட்டி நிறுவனமான ஏஎம்டி அதையே 64 பிட்டாக நீட்டியது, அடுத்த ஆண்டே இன்டெல்லும் அந்த வழிக்கு வந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில்தான் திறந்தது. அதே ஆண்டில் ஏஎம்டியும் பினாங்குக்கு வந்தது. பழைய இன்டெல் சில்லுகள் பலவற்றின் முதுகில் 'மலாய்' என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். நம் குடும்பங்களில் பலர் ஷிஃப்ட் பார்த்த இடங்கள் இவை, அதனால் இந்த வரலாறு நமக்கு அந்நியமானது இல்லை.

இந்த வம்சத்தில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் கட்டளைகளைக் கைவிடாமல் சுமந்து வந்தது. அப்படியானால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய 16 பிட் புரோகிராம் ஏன் ஓடவில்லை? 32 பிட் விண்டோஸ், டாஸ் புரோகிராம்களை ஓட்டப் புராசஸரில் இருந்த 'வர்ச்சுவல் 8086' என்ற வசதியைப் பயன்படுத்தியது. 64 பிட் நிலைக்குள் நுழைந்த புராசஸரில் அந்த வசதி கிடையாது. மைக்ரோசாஃப்ட்டும் 64 பிட் விண்டோஸில் 16 பிட் ஆதரவைச் சேர்க்கவே இல்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்ததால் பலர் சமாளித்தார்கள். 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. அதனால் 16 பிட் புரோகிராமை அதில் நேரடியாக ஓட்ட முடியாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கணினியானாலும் சரி.

இங்கேதான் பலர் புரோகிராமின் மேல் வலது கிளிக் செய்து 'கம்பாட்டிபிலிட்டி மோட்' போட்டு மணிக்கணக்கில் முயல்கிறார்கள். அந்த வசதி செய்வதெல்லாம் புரோகிராமிடம் "இது விண்டோஸ் எக்ஸ்பிதான்" என்று சொல்லிச் சில பழைய பழக்கங்களுக்கு வளைந்து கொடுப்பது மட்டுமே. 32 பிட் புரோகிராமுக்கு அது உதவலாம். 16 பிட்டை 64 பிட்டாக மாற்றும் வேலை அதற்கு இல்லை.

குழப்பமான ஒரு வகையும் உண்டு. 90களின் பிற்பகுதியில் வந்த பல சிடிக்களில் புரோகிராம் 32 பிட், அதை நிறுவும் 'செட்டப்' மட்டும் 16 பிட். செட்டப் திறக்கவில்லை என்றதும் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து நிறுவிகளில் சிலவற்றுக்குப் பதிலாக விண்டோஸ் தானே ஒரு 32 பிட் நிறுவியை ஓட்டிக்கொள்ளும். அது கைகொடுக்காவிட்டால், ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளே உருவாக்கும் இன்னொரு கணினி) 32 பிட் விண்டோஸ் போட்டு அதற்குள் நிறுவினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஃபோல்டர் பெயரை நம்புவது

விண்டோஸுக்குள் 'சிஸ்டம்32' என்று ஒரு ஃபோல்டர், 'சிஸ்வாவ்64' என்று இன்னொன்று. 64 பிட் விண்டோஸில் 64 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்டம்32இல், 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64இல். எழுத்துப் பிழை இல்லை, உண்மையிலேயே அப்படித்தான். பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பாதையைத் தங்களுக்குள் எழுதி வைத்திருந்ததால் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டார்கள். 32 பிட் புரோகிராம் சிஸ்டம்32ஐத் தேடினால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் மற்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். இது தெரியாமல், காணாமல் போன ஒரு டிஎல்எல் கோப்பை (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு) இணையத்தில் எங்கிருந்தோ இறக்கி, தவறான ஃபோல்டரில் போட்டு, கூடவே வைரஸையும் வரவழைத்துக்கொள்பவர்கள் உண்டு.

கணக்குப் புரோகிராம்களில் இதே சிக்கல், புரோகிராமைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி என்ற வசதியின் வடிவில் வரும். அக்சஸ் தரவுத்தளமான எம்டிபி கோப்பை நம்பி ஓடும் பழைய புரோகிராம்கள் ஜெட் 4.0 என்ற இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. அது 32 பிட்டில் மட்டுமே உண்டு. விண்டோஸில் ஓடிபிசி அமைப்புக்கு இரண்டு சாளரங்கள், ஒன்று 64 பிட்டுக்கு, மற்றது 32 பிட்டுக்கு. கணினி முழுவதற்குமான இணைப்பை 64 பிட் சாளரத்தில் உருவாக்கினால் பழைய புரோகிராமின் கண்ணுக்கு அது தெரியாது. "டேட்டாபேஸ் கிடைக்கவில்லை" என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும், கோப்போ பத்திரமாக அதன் இடத்திலேயே இருக்கும். 32 பிட் சாளரத்தைத் திறந்து அதே இணைப்பை உருவாக்கினால் தீர்ந்தது.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கணக்கை வைப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான் என்பது என் கருத்து. புரோகிராம் ஓடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், கணக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும்.

எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டரில் எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்று வழி செய்தது. அனுமதி இல்லாத இடத்தில் பழைய 32 பிட் புரோகிராம் எழுத முயன்றால், அந்தக் கோப்பின் பிரதி ஒன்று அந்தப் பயனரின் சொந்த இடத்தில், 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற ஃபோல்டரில் உருவாகும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

ஒரு நகைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கணக்குப் பிள்ளை தன் பெயரில் நுழைந்து பில் போடுகிறார். மாலையில் முதலாளி தன் பெயரில் நுழைந்து பார்த்தால் காலை விற்பனை ஒன்றுகூட இல்லை. கணக்குப் பிள்ளை மீது சந்தேகம் வருகிறது. கணினி பழுது பார்க்க வந்தவர் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறார். இப்போது உண்மையான ஃபோல்டரில் இருக்கும், புரோகிராம் நிறுவிய நாளோடு நின்றுபோன கோப்பு திறக்கிறது. ஆகக் கடையில் இப்போது மூன்று கணக்கு. யாரும் எதையும் திருடவில்லை, அழிக்கவும் இல்லை.

இதைத் தவிர்க்க, பழைய புரோகிராமை சி டிரைவின் மேல்மட்டத்தில் தனி ஃபோல்டர் ஒன்றில் நிறுவி, அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி கொடுங்கள். ஏற்கெனவே பிரிந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். அங்கே கிடைப்பதைத் தனியாக நகல் எடுத்த பிறகே வேறு எதையும் தொட வேண்டும். பேக்கப் எடுக்கும்போதும் இதே கவனம் தேவை. புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போடுகிறவர் மாதக்கணக்கில் பழைய கோப்பையே பேக்கப் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆர்ம் கணினியை விசாரிக்காமல் வாங்குவது

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் இன்று கேட்டால் ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப் கிடைக்கும். பேட்டரி நன்றாக நிற்கும், சூடு குறைவு. ஆனால் அதற்குள் இருப்பது ஆர்ம் ஆர்க்கிடெக்சர், 8086 வம்சத்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை. விண்டோஸ் 11 அதில் 32 பிட், 64 பிட் இன்டெல் புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டும், பல புரோகிராம்கள் நன்றாகவே ஓடும். டிரைவர்களை மட்டும் அது மொழிபெயர்க்காது. உங்கள் கணக்குப் புரோகிராம் டாங்கிள் என்ற யுஎஸ்பி உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் என்றால், அந்த டாங்கிளுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று தெரியாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மேக்புக்கிலும் இதே கதைதான். 2019இல் கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்தபோது 32 பிட் மேக் புரோகிராம்கள் முடிந்தன. 2020 இறுதியில் ஆப்பிளின் ஆர்ம் புராசஸரான எம்1 வந்தது, ரொசெட்டா 2 என்ற கருவி அதில் இன்டெல் மேக் புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டுகிறது. ஆனால் மேக்ஓஎஸ் 27 வரைதான் அது முழுமையாகக் கிடைக்கும் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது.

மெய்நிகராக்கத்தையும் எமுலேஷனையும் ஒன்றாக நினைப்பதும் இந்த இடத்தில் நடக்கும் தவறு. இன்டெல் கணினியில் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் எக்ஸ்பி போட்டால், உள்ளே இருக்கும் எக்ஸ்பியின் கட்டளைகளைப் பெரும்பாலும் உண்மையான புராசஸரே நேரடியாகச் செய்கிறது, அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. இது மெய்நிகராக்கம். எம் வகை மேக்கில் அதே எக்ஸ்பி வேண்டுமென்றால் யுடிஎம் போன்ற ஒன்று ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தாக வேண்டும், இது எமுலேஷன். எப்போதாவது பழைய பதிவைத் திறந்து பார்க்க அது போதும். நாள் முழுக்க பில் போட முடியாது.

டாஸ் புரோகிராம்கள்

டாஸ் புரோகிராம்களைப் புதிய கணினியில் ஓட்ட டாஸ்பாக்ஸ் நல்ல கருவிதான், ஆனால் விளையாட்டுகளுக்காக உருவானது. கடைக் கணக்குக்கு விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பொருத்தமானது, காரணம் அச்சு. டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டுக்கு வெறும் எழுத்தாக அனுப்பும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதைப் புரிந்துகொள்ளும். வீட்டுக்கு வாங்கும் மலிவான யுஎஸ்பி பிரிண்டர்கள் பலவற்றுக்கு விண்டோஸ் வரைந்து கொடுத்தால்தான் அச்சடிக்கத் தெரியும்.

வேகமும் சிக்கல் செய்யும். டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்கக் கருவியில் எழுதிய சில புரோகிராம்கள் திறந்ததுமே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடும். கோப்பு கெட்டுப்போகவில்லை. தொடக்கத்தில் அது 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். வேகமான புராசஸரில் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போகிறது. விளையாட்டுக் கருவிதானே என்று ஒதுக்கிய டாஸ்பாக்ஸ் இங்கே கைகொடுக்கும், அதில் வேகத்தை எண் கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

புரோகிராம் வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா?

இதைக் கேட்காமலே பலர் மாதக்கணக்கில் போராடுகிறார்கள். மலேசியாவில் வியாபாரக் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பழைய புரோகிராம் என்றால், ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரேஆபிஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். எம்டிபியிலிருந்து அட்டவணைகளை எக்செலுக்கு எடுத்துவிடலாம். அறிக்கைகளை பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டால் அந்தப் புரோகிராமுக்கே வேலை இல்லை.

கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பிதழ் அடிக்கும் அச்சகங்களின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. 1985இலிருந்தே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி வளர்த்த முத்து நெடுமாறனின் நாடு இது. கணினித் தமிழ் நம்மிடம் அவ்வளவு பழையது. விண்டோஸ் 2000க்கு முன் விண்டோஸில் யூனிகோட் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றம்) தமிழ் இல்லாததால் அந்தக் காலத்து ஆவணங்கள் பழைய குறியேற்றங்களில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளைத் திறக்கும் கடைசி இன்டிசைன் பதிப்பு சிஎஸ்6. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே பழைய கணினி ஓடும்போதே உரையை யூனிகோடுக்கு மாற்றி, வடிவமைப்பை எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருக் கோப்புகளையும் தனியாக நகல் எடுத்துவிடுங்கள்.

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் டிஸ்க்2விஎச்டி போன்ற கருவியால் அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மெய்நிகர் டிஸ்க்காக மாற்றி வைக்கலாம். புரோகிராம், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு), எழுத்துரு எல்லாம் ஒன்றாக வந்துவிடும். அதை வர்ச்சுவல்பாக்ஸில் திறக்கும்போது நெட்வொர்க்கை அணைத்து வையுங்கள், எக்ஸ்பிக்கு 2014க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. ஒரு மாதக் கணக்கைப் புதிய ஏற்பாட்டில் முழுதாக முடித்து, அச்சடித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பழைய கணினியைக் கொடுங்கள். கொடுக்கும் முன் பின்பக்கம் டாங்கிள் ஏதும் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.