ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் முன்னாள் படைவீரர் செய்ய வேண்டியவை

உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஊன ஓய்வூதிய நிராகரிப்புக் கடிதம் வந்ததும் மேல்முறையீடு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் காரணத்தைப் பாருங்கள். ஊனம் 20 சதவீதத்தைத் தாண்டியும் பணம் வரவில்லையென்றால் பெரும்பாலும் 'என்.ஏ.என்.ஏ.' என்றுதான் இருக்கும்: பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை.

பத்து ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போட்டு, பணியிலிருந்து வெளிவரும்போது உங்களைப் பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை முழு நகலையும், காயமென்றால் இஞ்சுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி (படைக்குள் நடந்த விசாரணை) நகல்களையும் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்கள் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும்.

நோய் என்றால் போர்டு மருத்துவர் எழுதிய காரணத்தில்தான் வழக்கே இருக்கிறது. 'உடல்வாகு சார்ந்தது' என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அங்கேயே பிடியுங்கள். சேரும்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால் நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 21-லிருந்து விதிகள் மாறிவிட்டன. அதன்பின் வெளிவந்தவர்கள் இத்தீர்ப்பை மட்டும் நம்பி மனு எழுதக் கூடாது. எந்தத் தேதியில் எங்கே போஸ்டிங், முதலில் எப்போது அட்மிட் ஆனீர்கள் என்ற பட்டியலை இணையுங்கள். 'கடுமையான சூழலில் உழைத்தேன்' என்று பொதுவாக எழுதுவதைவிட, லடாக் போய் எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் பதிவானது என்ற ஒரு வரி கனமானது.

காயத்தில் சண்டை வேறு. 100 சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனக் கூறு (ஓய்வூதியத்தில் ஊனத்துக்கான பகுதி) கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். போர்க்காயமென்றால், மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு முழுச் சம்பளம், பணிக்காலம் முடித்தவருக்கு 60 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பார்ட் டூ ஆர்டரில் (உங்கள் பணி நிகழ்வுகளைப் பதியும் ஆணை) 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது போர்க்காயம் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். போர் சாராத 'பிசிக்கல் கேஷுவல்டி' என்றிருந்தால் முதலில் அதைத் திருத்தக் கேட்க வேண்டும்.

பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணை) ஊனச் சதவீதத்தையும் சரிபாருங்கள். 50-க்குக் கீழ் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்த வேண்டும். பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-ல் தீர்ப்பானது.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம். அதுவும் தோற்றால் இரண்டாவதற்கு ஆறு மாதம். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அனுப்பி ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்த அட்டைதான் அங்கே சாட்சி. பல வருடம் கழித்துப் போனால் நிலுவைத்தொகை பெரும்பாலும் முந்தைய மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும்.