தூங்கும் குழந்தையின் மூச்சைத் தொடாமல் எண்ண: ராஸ்பெரி பை, ஒரு கேமரா, கொஞ்சம் பைத்தான்

இணையத்தில் கிடைக்கிற மூச்சு எண்ணும் புரோகிராம்கள் பெரும்பாலும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அப்படியே எடுத்து ஒரு வயதுக் குழந்தை மேல் காட்டினால் ஏதோ ஒரு எண் வரும், அது தப்பாக இருக்கும். எங்கே தப்புகிறது என்பதுதான் இந்தப் பதிவில் அதிகம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் இயங்குதளம் ஏற்றவும், ஓபன்சிவி, நம்பை, சைபை மூன்றையும் (படத்தையும் எண்களையும் கையாளும் பைத்தான் நூலகங்கள்) நிறுவவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இது மருத்துவக் கருவி அல்ல. தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டால்கூட நெஞ்சும் வயிறும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டுதான் இருக்கும். கேமரா அதையும் மூச்சென்றே எண்ணும். இதை நம்பிக் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

தேவையானவை

ராஸ்பெரி பை 4, பை கேமரா வெர்ஷன் 2-இன் நோஐஆர் வகை (அகச்சிவப்பு ஒளியை வடிகட்டாதது), 850 நானோமீட்டர் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு ஒன்று, ஆடாத ஸ்டாண்ட். 940 நானோமீட்டர் விளக்கில் சிவப்பு மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்சாருக்கு அந்த ஒளி குறைவாகவே தெரியும். 850 போதும். ஆட்டோஃபோகஸ் உள்ள கேமரா வேண்டாம் என்பது என் கட்சி. இருட்டில் லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் நகரும்போது படம் முழுக்க லேசாக விரிந்து சுருங்கும், அது அச்சு அசல் மூச்சு மாதிரியே இருக்கும். ஏற்கெனவே அப்படிப்பட்ட கேமராதான் இருக்கிறதென்றால் லென்ஸை ஓரிடத்தில் பூட்டிவிடுங்கள்.

1. கேமராவை வைக்கும் இடம்

நேர் மேலே மாட்டாதீர்கள். மேலிருந்து பார்த்தால் வயிறு கேமராவை நோக்கி எழுந்து இறங்கும், படத்தில் நகர்வே இருக்காது. பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி, கட்டில் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் வயிற்றின் விளிம்பு மேலும் கீழும் போவது நன்றாகத் தெரியும். விளக்கைக் கால் பக்கத்திலிருந்து சாய்வாக அடியுங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம். ஸ்டாண்ட் கட்டிலைத் தொடக்கூடாது. வயர் எதுவும் குழந்தைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது, ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வெள்ளைச் சட்டையைவிடக் கோடு போட்ட சட்டை நல்லது. அசைவைப் பிடிக்க விளிம்புகள் வேண்டும்.

2. தானியங்கி எல்லாவற்றையும் அணையுங்கள்

தானியங்கி எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரம்), கெயின் (பிரகாசத்தைப் பெருக்குவது), வெள்ளைச் சமநிலை மூன்றும் அணைந்திருக்க வேண்டும். எக்ஸ்போஷரை 20 மில்லிவினாடியில் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 20 மில்லிவினாடியில் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடுவதால் அந்த மினுக்கல் படத்தில் ஏறாது.

3. பெட்டி போடுதல்

தூங்கும் குழந்தையின் வயிறும் கீழ்நெஞ்சும் மட்டும் அடங்கும்படி ஒரு சிறு செவ்வகம் போடுங்கள். கைக்குழந்தைகள் பெரும்பாலும் வயிற்றால்தான் மூச்சு விடுகிறார்கள். படத்தை 320-க்கு 240 ஆகச் சுருக்கி, பெட்டிக்குள் மட்டும் ஃபார்ன்பேக் ஆப்டிகல் ஃப்ளோ (அடுத்தடுத்த ஃபிரேம்களில் எது எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கும் முறை) ஓட்டினால், நொடிக்கு 10 ஃபிரேம் பை 4 தாங்கும்.

4. எண் இரட்டிப்பாகும் இடம்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று வழிகளில் இது நடக்கும்.

ஆப்டிகல் ஃப்ளோவில் நகர்வின் அளவை மட்டும் எடுத்துத் திசையை விட்டுவிட்டால், உள்ளிழுக்கும்போது ஒரு மேடு, வெளிவிடும்போது இன்னொரு மேடு. ஒரு மூச்சு இரண்டாகிவிடும். மேல்-கீழ் நகர்வை மட்டும் கூட்டல், கழித்தல் குறியோடு சராசரி எடுங்கள்.

அடுத்தது, ஃப்ளோ தருவது வேகம், இடப்பெயர்ச்சி அல்ல. வேகத்தில் இரண்டாம் மடங்கு அதிர்வு (மூச்சைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும் அசைவு) இரண்டு பங்கு பெரிதாகத் தெரியும். குழந்தை சட்டென்று இழுத்து மெதுவாக விடும்போது அந்த இரண்டாம் மடங்கே முந்திக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு ஃபிரேமின் மதிப்பையும் முந்தைய கூட்டுத்தொகையோடு கூட்டிக்கொண்டே வந்து, அந்தத் தொடரை ஃபில்டருக்கு (வேண்டாத வேகங்களை வெட்டும் கணக்கு, அடுத்த பகுதியில் வரும்) கொடுங்கள். தொடர் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகும், கவலை வேண்டாம், ஃபில்டர் அதை வெட்டிவிடும்.

மூன்றாவது நேரம். புரோகிராமில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று எழுதியிருப்பீர்கள். சாதாரண வெப்கேம் இருட்டில் தானாகவே 15-க்கு இறங்கும். நிமிடத்துக்கு 24 முறை மூச்சு விடுகிற இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரையில் 48 என்று வரும், வீடே பதறும். ஃபிரேம் வந்த நேரத்தை ஒவ்வொன்றாகக் குறித்து, அதை வைத்தே கணக்கிடுங்கள். நேர இடைவெளி சீராக இல்லாவிட்டால் நம்பையின் இடைக்கணிப்பால் நொடிக்கு 10 புள்ளியாகச் சமப்படுத்துங்கள்.

5. ஃபில்டர்: எண் குறையும் இடம்

இரட்டிப்பாவது பயமுறுத்தும், ஆனால் உண்மையில் ஆபத்தானது இதுதான். பெரியவர்களுக்கான ஃபில்டர் 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நிமிடத்துக்கு 6 முதல் 30 வரை மட்டும் விடும். குழந்தை 52 முறை மூச்சு வாங்கினால் அது 0.87 ஹெர்ட்ஸ். ஃபில்டர் அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் இரைச்சலிலிருந்து (மூச்சல்லாத சிறு ஆட்டங்கள்) 20, 25 என்று ஒரு நிம்மதியான எண்ணைத் தரும்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 0.25 முதல் 1.2 ஹெர்ட்ஸ் (15 முதல் 72 வரை) வையுங்கள். ஃபில்டரின் வகை பட்டர்வொர்த், மூன்றாம் படி, முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்டுவது.

6. எண்ணுதல்

30 நொடித் துண்டு, ஐந்து நொடிக்கொரு முறை நகர்த்துங்கள். 10 நொடித் துண்டில் ஃபூரியே (எந்த வேகத்தில் அசைவு அதிகம் என்று பிரித்துக் காட்டும் கணக்கு) செய்தால் நிமிட எண்ணிக்கையின் படிகள் ஆறு ஆறாகத்தான் வரும்; 30 நொடியில் இரண்டு இரண்டாக. நான் அலையின் உச்சிகளை எண்ணும் முறையை நம்புவேன் (இரு உச்சிகளுக்கு இடையே குறைந்தது 0.8 நொடி), ஃபூரியேவைச் சரிபார்க்க மட்டும் வைப்பேன். இரண்டுக்கும் நான்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் எண்ணுக்குப் பதில் வெறும் '-' கோடு காட்டட்டும்.

கோடு காட்டுவது முக்கியம். ஒரு தலையணையைப் படுக்க வைத்து ஓட்டிப் பாருங்கள். தலையணைக்கும் மூச்சு எண்ணிக்கை வரும், ஏனென்றால் வெறும் இரைச்சலிலும் ஏதாவது ஒரு உச்சி இருக்கும். ஃபூரியே உச்சியைச் சுற்றி 0.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் சக்தி, ஃபில்டர் விடும் பட்டையின் மொத்தச் சக்தியில் பாதியாவது இல்லையென்றால் எண்ணே வேண்டாம். பாதி என்பது தொடக்க மதிப்புதான். தலையணைக்குக் கோடும் குழந்தைக்கு எண்ணும் வரும்வரை மாற்றிக்கொள்ளுங்கள்.

7. கையால் எண்ணிச் சரிபார்த்தல்

சட்டையை லேசாகத் தூக்கி, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தைகள் சில நொடி நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக விடுவது சகஜம் என்பதால் அது இங்கே ஏமாற்றும். அதே நிமிடத்தின் கேமரா எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று வெவ்வேறு இரவுகளில் வித்தியாசம் இரண்டுக்குள் இருக்க வேண்டும்.

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ இருந்தால் வேக மூச்சு. நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, திரையில் எந்த எண் இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பின்னால் சேர்த்தவை

*ஒருக்களித்துப் படுத்தால் எண் வரவில்லை:* அப்போது அசைவு படத்தில் குறுக்காகவும் போகலாம். இடம்-வலம் நகர்வையும் தனியே கணக்கிட்டு, இரண்டில் எது தெளிவான உச்சி தருகிறதோ அதை எடுங்கள்.

*ஃபேன்:* காற்றில் போர்வை படபடத்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேகத்தைக் குறையுங்கள். நிழல் வேறு விஷயம். நிமிடத்துக்கு 300 சுற்று, மூன்று இறக்கை என்றால் நொடிக்கு 15 நிழல். கேமராவும் 15 ஃபிரேமில் ஓடினால் அந்த நிழல் படத்தில் ஆடி அசைந்து போகும் மெல்லிய அலையாகிவிடும். ஃபேனுக்குக் கீழே, படுக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

*இதயத் துடிப்பும் பார்க்கலாமா:* பகலில், முகத்தின் பச்சை நிறத் தடத்தில் பார்க்கலாம். சாதாரண அறை வெளிச்சமே போதும் என்பது 2008-லேயே ஆய்வில் தெரிந்த விஷயம். இரவில் ஐஆரில் அந்தச் சிக்னல் மிகவும் மெலிந்துவிடும். மேலும் 50 மூச்சின் இரண்டாம் மடங்கு 100, குழந்தையின் நாடி இருக்கும் அதே இடத்தில் வந்து உட்காரும். முதல் முயற்சிக்கு மூச்சோடு நிறுத்துங்கள்.

*தூளியில் ஓடுமா:* ஓடாது. தூளியின் ஆட்டம் சில சென்டிமீட்டர், மூச்சின் அசைவு சில மில்லிமீட்டர். ஆட்டம் முழுக்க நின்ற பிறகும் துணி வயிற்றை மூடியிருக்கும். பாயில் போட்ட பிறகு எண்ணுங்கள்.