ஒன்பதாம் வகுப்புத் தாளில் கையெழுத்து போடும் முன்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், என் வீட்டு கராஜில் சனிக்கிழமைதோறும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடியப்போகும் நேரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்வு செய்யும் தாளோடு அம்மாக்கள் வந்து நிற்பார்கள். “ஆன்ட்டி, மேத்ஸா, மேத்ஸ் லிட்டா?”

இங்கே மெட்ரிக் வரை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு வரை, கணக்கை விட்டு ஓட முடியாது. மேத்ஸ், மேத்ஸ் லிட் என்கிற மேத்ஸ் லிட்டரசி, டெக்னிக்கல் மேத்ஸ், மூன்றில் ஒன்று கட்டாயம். லிட்டரசியில் வரும் மின்கட்டணம், வரைபடம், கடன் வட்டி எல்லாம் வாழ்க்கைக்கு வேண்டியதுதான். ஆனால் பொறியியலுக்கோ, மருத்துவத்துக்கோ, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆகும் படிப்புக்கோ அது செல்லாது.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். “லிட்டரசி என்றால் மார்க் அள்ளலாம்” என்று பள்ளியில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். மூத்தவன் 84 வாங்கினான். 80க்கு மேல் ஏழாம் நிலை, அதுதான் உச்சம். கேசரி கிண்டினேன். பி.காம். அக்கவுண்டிங்குக்கு எழுதிப் போட்டோம். மேத்ஸ் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். மாலை வகுப்பில் மேத்ஸ் படித்து மறுபடி எழுத இரண்டு வருஷம் போனது.

அதனால், மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பரீட்சைத் தாளை வாங்கி, சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பின்னம், கழித்தல் குறி, அடைப்புக்குறி. ஏழாம் வகுப்புச் சங்கதி. டிசம்பர் விடுமுறையில் தினம் அரைமணி உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

அப்புறம் என் சோதனை. ஒரு கடை ரசீதைக் கொடுப்பேன்: 15 சதவீத வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி, சேர்த்து 115 ராண்ட். வாட் எவ்வளவு? முக்கால்வாசிப் பேர் 115இல் 15 சதவீதம் எடுத்து 17.25 என்பார்கள். திட்ட மாட்டேன். “சரி, அதைக் கழித்து, மீதியோடு 15 சதவீதம் சேர்த்துப் பார்” என்பேன். 97.75, அதோடு 14.66, மொத்தம் 112.41. ‘115 வரவில்லையே’ என்று தானாக முகம் சுளிக்கிற பிள்ளைக்குத் தயங்காமல் மேத்ஸ் எழுதுங்கள். 1.15ஆல் வகுக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தருவேன். அந்த முகச்சுளிப்பை யாரும் சொல்லித் தர முடியாது.

சந்தேகம் என்றாலும் மேத்ஸில் தொடங்குங்கள். நடுவில் லிட்டரசிக்கு இறங்குவது எளிது. அங்கிருந்து ஏறுவது மகா கஷ்டம். மெட்ரிக்கில் மூன்று மணி நேரத் தாள் இரண்டு, ஒவ்வொன்றும் 150 மார்க். பழைய வினாத்தாள்கள் கல்வித்துறை இணையதளத்தில் இலவசம். பிள்ளை உறுதியாகக் கலைப் படிப்புதான் என்றால் லிட்டரசி போதலாம். ஆனால் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை முதலில் படியுங்கள்.

போன சனிக்கிழமை ஒரு பெண் 112.41 என்று எழுதிவிட்டு ரசீதையே முறைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து போட அவள் அம்மா பேனா தேடினார். அது மகளின் பல்லிடுக்கில் இருந்தது.