றாலில் சல்மொனெல்லாவும் விப்ரியோவும்: பி.சி.ஆர். சோதனையைப் பிழையில்லாமல் செய்ய

டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்துப் பெருக்கிப் பற்றீரியாவை அடையாளம் காட்டும் பி.சி.ஆர். இயந்திரம் ஒன்றரை மணித்தியாலத்தில் விடை சொல்லிவிடும். அதை நம்பி, கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடிய எடுத்த றாலுக்கு மத்தியானமே சான்றிதழ் எழுதிவிடக் கூடாது. 25 கிராம் றாலில் நோய் தரும் சல்மொனெல்லா பற்றீரியா ஒரேயொன்று இருந்தாலும் அது பிடிபட வேண்டும். இயந்திரத்துக்கோ ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம், பத்தாயிரம் என்று இருந்தால்தான் உறுதியாகத் தெரியும். அந்த ஒன்றை ஆயிரமாக்குவது வளர்ப்பு ஊடகம் என்ற சத்து நீர்தான். அதற்குரிய நேரத்தைக் குறைத்தால் செய்தது சோதனையே அல்ல.

மாதிரியை ஒரு பெட்டியின் மேல்தட்டில் மட்டும் அள்ளாமல், பல பெட்டிகளின் மேல், நடு, அடி என்று எடுங்கள். கொண்டுவரும்போது றாலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. கடும் குளிரில் அடிபட்ட விப்ரியோ என்ற கடல் பற்றீரியா ஊடகத்தில் வளராமல் போகும்; திருகோணமலை வெயிலில் வைத்தாலோ பல மடங்காகப் பெருகிவிடும். ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ் பை, அதன்மேல் தடித்த மட்டை, அதற்குமேல் மாதிரி என்று அடுக்கி, உள்ளே 7 முதல் 10 பாகை செல்சியஸ் இருக்கப் பாருங்கள். வியாபாரி ஏற்கெனவே ஐஸில் புதைத்த றாலென்றால் அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

ஆய்வுகூடத்தில் இரண்டு பைகள் வேண்டும்; ஒவ்வொன்றிலும் 25 கிராம் றாலும் 225 மில்லிலீற்றர் ஊடகமும். விப்ரியோ பைக்கு 2 வீத உப்பும் பி.எச். 8.6 உம் உள்ள காரப் பெப்ரோன் நீர் (பெப்ரோன் என்பது பற்றீரியாவுக்கான புரதச் சத்து). பச்சை றாலை 41.5 பாகையில் 6 மணித்தியாலம் வையுங்கள். உறைந்த றாலென்றால் 37 பாகை. சல்மொனெல்லா பைக்கு, பி.எச். மாறாமல் காக்கும் தாங்கற்கரைசல் சேர்ந்த பெப்ரோன் நீர், 37 பாகை, 18 மணித்தியாலம். இதைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் நடுச்சாமம் இரண்டுக்கு எழும்ப வேண்டிவரும். அந்த 25 கிராமை 5 பாகைக்குக் கீழே வைத்து, பின்னேரம் மூன்றுக்குத் தொடங்கினால் மறுநாள் காலை ஒன்பதுக்குத் தயார். கறுவா, கராம்பு தூக்கலான மசாலா றாலில் அந்த வாசனைத் திரவியங்களே பற்றீரியாவை அடக்கிவிடும். ஊடகத்தை றாலின் எடையைப்போல் நூறு மடங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும்.

விப்ரியோ பையைக் குலுக்காதீர்கள். அது காற்றைத் தேடி மேலே சேரும் என்பதால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயிருந்து 1 மில்லிலீற்றர் எடுங்கள். சல்மொனெல்லா பையில் கொழுப்பும் ஓட்டுத் துணுக்கும் வராத நடுப்பகுதி நல்லது. 12,000 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியில் படிந்ததை 200 மைக்ரோலீற்றர் தூய நீரில் கரைத்து, 95 பாகையில் 10 நிமிடம் சூடாக்குங்கள். குழாயின் மூடிக்குப் பூட்டுப் போடாவிட்டால் ஆவி அழுத்தத்தில் திறந்து பக்கத்துக் குழாய்களில் தெறிக்கும். ஐஸில் ஆறவிட்டு மீண்டும் 5 நிமிடம் சுழற்றினால் தெளிந்த மேல்நீரில் டி.என்.ஏ. இருக்கும்.

ஒரு குழாய்க்கு 25 மைக்ரோலீற்றர் கலவை: இருமடங்குச் செறிவுள்ள தயார்க் கலவை 12.5, பத்து மைக்ரோமோலார் பிரைமர்கள் (தேடும் மரபணுவின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) ஒவ்வொன்றும் 1, புரோப் (பெருகுவதை ஒளியால் காட்டும் துண்டு) 0.5, உட்கட்டுப்பாட்டோடு (சோதனை வேலை செய்கிறதா என்று காட்ட நாமே இடும் டி.என்.ஏ.) சேர்த்து நீர் 5, மாதிரியின் டி.என்.ஏ. 5. சல்மொனெல்லாவுக்குத் தேடுவது இன்வ்-ஏ மரபணு. விப்ரியோவில் நாம் தேடும் இனமான விப்ரியோ பராஹீமோலிற்றிகஸுக்கு ரி.எல்.எச்., ரி.டி.எச்., ரி.ஆர்.எச். என்று மூன்று மரபணுக்கள். 95 பாகையில் 10 நிமிடம், பிறகு 95 இல் 15 செக்கன், 60 இல் 1 நிமிடம் என 40 சுற்று. மின்சாரம் இடையில் போனால் அந்த ஓட்டம் வீண், யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள், மிச்ச டி.என்.ஏ.யை மைனஸ் 20 பாகையில் வையுங்கள்.

விடையைப் படிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. திரையில் இலக்கு மரபணுவின் கோடும் எழவில்லை, உட்கட்டுப்பாட்டின் கோடும் எழவில்லை என்றால் அது ‘இல்லை’ என்ற விடை அல்ல. றாலிலிருந்து வந்த ஏதோ ஒன்று நொதியைத் தடுத்திருக்கிறது. டி.என்.ஏ.யைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள். டி.என்.ஏ. இடாத குழாயில் கோடு எழுந்தால் அன்றைய விடை எதையுமே வெளியிட வேண்டாம்.

ரி.எல்.எச். மட்டும் எழுந்தால் இனம் உண்டு என்றுதான் பொருள். வெதுவெதுப்பான கடலில் அது இயல்பாகவே வாழ்கிறது. அதை மட்டும் வைத்து மீனவரின் முழுச் சரக்கையும் கொட்டச் சொல்வது அநியாயம். ரி.டி.எச். அல்லது ரி.ஆர்.எச். எழுந்தால்தான் நோயுண்டாக்கும் வகை என்று பார்க்க வேண்டும். ஆறு மணித்தியால வளர்ப்பில் வந்த எதிர்விடையை (‘இல்லை’ என்ற விடையை) வைத்துச் சரக்கை விடவும் கூடாது: அந்த ஊடகத்தில் 1 மில்லிலீற்றரைப் புதிய 10 மில்லிலீற்றரில் விட்டு, 41.5 பாகையில் 18 மணித்தியாலம் வைத்து மீண்டும் பாருங்கள்.

அவித்த றாலில் செத்த பற்றீரியாவின் டி.என்.ஏ.யும் எழும். ஆகவே ஊடகம் ஊற்றியவுடன் 1 மில்லிலீற்றர் எடுத்து உறையவைத்து, வளர்ப்புக்குப் பிந்தியதோடு சேர்த்து ஓட்டுங்கள். பத்து மடங்கு பெருக்கத்துக்குக் கோடு ஏறக்குறைய 3.3 சுற்று முந்தி எழும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் உயிருள்ளது பெருகவில்லை.

நேர்விடை (‘உண்டு’ என்ற விடை) வந்த ஊடகத்தை சல்மொனெல்லாவுக்கு எக்ஸ்.எல்.டி. ஏகர் என்ற திண்ம ஊடகத் தட்டிலும் விப்ரியோவுக்கு ரி.சி.பி.எஸ். ஏகர் தட்டிலும் கீறி, 37 பாகையில் 24 மணித்தியாலம் வைத்து உறுதிசெய்த பிறகே முடிவான அறிக்கை. அதுவரை சரக்கு குளிரறையில் நிற்கட்டும்.

ஊடகக் கழிவை 121 பாகையில் அழுத்தக் கொதிகலனில் இடலாம். பி.சி.ஆர். முடிந்த குழாய்களை அதில் இடவே வேண்டாம்: மூடி திறந்தால் கோடிக்கணக்கான மரபணுப் பிரதிகள் காற்றில் பரவி, அடுத்துவரும் மாதிரிகளையெல்லாம் பொய்யாக நேராக்கும். திறக்காமலே இரட்டைப் பையில் கட்டி, கலவை தயாரிக்கும் அறைப் பக்கம் கொண்டுபோகாமல் வெளியேற்றுங்கள்.