மடக்குச் சவரக்கத்தி: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தேசிய சேவையில் இருந்த நம் பையன்கள் பலருக்குச் சவரம் என்பது விடிவதற்குள் முடித்துவிட வேண்டிய ஓர் அவசர வேலை. அப்புறம் வேலைக்குப் போனாலும் அதே அவசரம்தான்: கண்ணாடியைச் சரியாகக்கூடப் பார்க்காமல் இரண்டு இழுப்பு, முகத்தில் தண்ணீர், ஓட்டமாக எம்ஆர்டி. இந்த ஓட்டத்திலிருந்து அரைமணி நேரம் விலகி, போனைத் தூர வைத்துவிட்டு, தன் முகத்தைத் தானே பொறுமையாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சிலர் மடக்குச் சவரக்கத்தியைக் கையில் எடுக்கிறார்கள். அருமையான பழக்கம். ஆனால் தொடங்கிய சில வாரங்களில் எரிச்சலும் கீறலுமாகக் கைவிடுபவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குக் கத்தி முகத்தில் படுவதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

வாங்கும்போதே தொடங்கும் சிக்கல்

இணையத்தில் 20, 30 வெள்ளிக்கு ஒரு பெட்டி கிடைக்கும். கத்தி, பிரஷ், கிண்ணம், கத்தியைத் தேய்த்துக் கூரைச் சீராக்கும் தோல்வார் எல்லாம் அதிலேயே இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். அதை வாங்காதீர்கள். சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். கூரின் கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிமன்தான். மலிவுக் கத்திகளில் அலகு முறுக்கியிருக்கும், எஃகும் சரியாகப் பதப்பட்டிருக்காது. எவ்வளவு கைதேர்ந்தவர் தீட்டினாலும் அதில் கூர் நிற்காது. அது முடியை வெட்டாமல் பிடுங்கும். சவரக்கத்தி என்றாலே இப்படித்தான் வலிக்கும்போல என்று நினைத்து நீங்களும் விட்டுவிடுவீர்கள்.

ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் இன்றும் நல்ல கத்திகள் செய்கிறார்கள். சோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த வட்டாரத்தில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக்கூடாது. புதுக் கத்தியின் விலை எளிதாக 150 வெள்ளியைத் தாண்டும். அது அதிகம் என்றால், விவரம் தெரிந்தவர் தீட்டிக் கொடுக்கும் பழைய கத்தி நல்ல வழி. கூரோரத்தில் துருப்புள்ளியோ மயிரிழை விரிசலோ இருந்தால் மட்டும் வேண்டாம். அலகின் அகலம் 5/8 அங்குலமோ 6/8 அங்குலமோ போதும். நுனி உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி மீசையோரத்தைத் திருத்த வசதியானது, ஆனால் பழகாத கையில் காதுமடலையும் சேர்த்துப் பதம்பார்க்கும்.

இன்னொன்று, ‘புதுசுதானே, கூராகத்தான் இருக்கும்’ என்று நம்ப வேண்டாம். பல கத்திகள் தொழிற்சாலையிலிருந்து சவரத்துக்குத் தயாராக வருவதில்லை. கையால் தீட்டிக் கொடுக்கிறீர்களா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

முடிதிருத்துநர் கையில் இருப்பது வேறு

லிட்டில் இந்தியாவின் முடிதிருத்தும் கடைகளில் கவனித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒரு பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடிக்குள் செருகித்தான் சவரம் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. சுத்தத்துக்கு அதுதான் சரி. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒருவர் பயன்படுத்திய கத்தி மூலம் இன்னொருவருக்குப் பரவக்கூடும். இதே காரணத்தால் உங்கள் கத்தியை அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஆனால் வீட்டில் பழக அந்தப் பாதி பிளேடு எளிது என்று நினைப்பது தவறு. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் அந்தச் சிறு பிளேடு மிகக் கூரானது, எடையில்லாதது. கோணம் கொஞ்சம் பிசகினாலும் தோலைக் கீறிவிடும். அதில் பட்ட காயத்தை வைத்துச் சவரக்கத்தியையே எடைபோடாதீர்கள். தோல்வாருக்கும் தீட்டலுக்கும் நேரமில்லாதவர்களுக்கு அது பொருத்தமான கருவி, அவ்வளவுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் அந்தக் கடைகளில் ஒருமுறை சவரம் செய்துகொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. முடிதிருத்துநரின் வலது கையை விட இடது கையைக் கவனியுங்கள். அது ஓயாமல் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டே நகரும். சவரத்தின் பாதி வித்தை அந்தக் கையில்தான் இருக்கிறது.

முகத்தில்

முதல் நாளே முழு முகத்தையும் மழிக்க முயல வேண்டாம். கிருதாவுக்குக் கீழே கன்னத்தின் சமமான பகுதியை மட்டும் கத்தியால் செய்துவிட்டு, மற்றதை வழக்கமான ரேசரால் முடியுங்கள். கன்னம் கைக்கு வந்தபிறகு தாடை, பிறகு கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசியில்.

கோணம் ஏறத்தாழ 30 டிகிரி. அலகைத் தோலில் படுக்க வைத்து, முதுகை அதன் தடிமன் அளவுக்கோ இரண்டு மடங்கோ தூக்கினால் போதும். மிகவும் படுத்திருந்தால் முடியை இழுக்கும், நிமிர்ந்தால் தோலைச் சுரண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதும். இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: கூர் நீளும் திசையில் கத்தியைப் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாதீர்கள். ஆழமான வெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் விழுகின்றன. இடது கை விரல்கள் நுரையில் வழுக்கினால் ஈரப் படிகாரத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும்.

அடுத்தது எதிர்ச்சவரம். வழவழப்புக்கு ஆசைப்பட்டு முடி வளரும் திசைக்கு எதிராக மழிப்பது நம்மில் பலருக்கு ஒத்துவராது. சுருண்ட முடி தோலுக்கு அடியில் வெட்டுப்பட்டால் வளரும்போது உள்ளேயே வளைந்து புகுந்து பருக்களாகும். நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்த வீக்கம் ஆறினாலும் கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நிற்கும். சிங்கப்பூர் வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். ஆகவே, இரண்டு நாள் தாடி விட்டு, முடி எந்தப் பக்கம் படிகிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ளுங்கள். கழுத்தில் பலருக்கு அது குறுக்காகப் படியும். படியும் திசையிலேயே இரண்டு முறை மழித்தால் போதும். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

குளித்துவிட்டு உடனே சவரம் செய்தால் முடி ஊறி மென்மையாக இருக்கும். நுரையை பிரஷால் நன்றாக எழுப்புங்கள். இடையில் காய்ந்தால் சோம்பல்படாமல் மறுபடி பூசுங்கள். காலையை விட இரவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காலையில் மழித்த தோலோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே வியர்வை எரியும். இரவென்றால் தோல் ஆறுவதற்கு ஒரு முழுத் தூக்கம் கிடைக்கிறது, அவசரமும் இல்லை.

தோல்வாரும் கல்லும்

ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் 40, 50 முறை கத்தியைத் தேய்க்க வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகை வாரிலிருந்து எடுக்காமல் அதன்மேலேயே உருட்ட வேண்டும். முதுகைத் தூக்கினாலோ வாரைத் தொய்வாகப் பிடித்தாலோ கூர் மழுங்கிவிடும். சினிமாவில் வரும் வேகம் வேண்டாம். முதல் வாரைக் கீறாதவர்கள் குறைவு, அதனால் மலிவானதே போதும்.

கல்லில் தீட்டுவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 1000, 4000, 8000, 12000 என்று எண் ஏற ஏற நயமாகிக்கொண்டே போகும் கற்களும் அதற்கான கையும் தனிப் பாடம். தோல்வாரை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கூர் சில மாதங்கள் நிற்கும். சமையல் கத்தி தீட்டும் இடத்தில் மட்டும் கொடுக்காதீர்கள், ஒரே முறையில் கத்தி வீணாகிவிடும்.

ஈரப்பதம்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். நல்ல கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. அவற்றைக் குளியலறை அலமாரியில் வைப்பது துருவுக்கு விருந்து வைப்பதுதான். வீவக வீட்டுக் குளியலறையில் காலையில் ஒருவர் குளித்த ஈரம் காய்வதற்குள் அடுத்தவர் குளிக்கப் போய்விடுவார். கூரோரத்தில் கண்ணுக்குத் தெரியாத துரு பிடித்தாலே போதும், அடுத்த சவரத்தில் கத்தி இழுக்கத் தொடங்கிவிடும்.

அதனால் கத்தி முழுவதையும் தண்ணீரில் முக்காதீர்கள். பிடியின் ஆணிக்குள் போன நீர் வெளியே வராது. முதுகிலிருந்து கூரை நோக்கித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் சற்று நேரம் திறந்தே காயவிட்டு, எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளானால் சிக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயோ, கனிம எண்ணெயில் செய்த பேபி ஆயிலோ நல்லது. படுக்கையறையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். கேமராவுக்காக, ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, தோல்வாரையும் அதிலேயே வைக்கலாம். இங்கே தோல் எதுவானாலும் மூடிய அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். பிரஷை மட்டும் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

இவையும்

கத்தி கைநழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள், விழட்டும். கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள், அது போதும். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே சுற்ற வேண்டாம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கூரான ஆயுதம் வைத்திருப்பது இங்கே குற்றம். சாங்கியிலிருந்து ஊருக்குப் போகும்போது கைப்பையில் வைக்காமல், பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

சிறு கீறலுக்குப் படிகாரம் போதும். ஆழமான வெட்டு என்றால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் இரத்தம் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பருக்கள் பழுத்திருக்கும் நாளிலும், தூக்கம் கண்ணைச் சொக்கும் இரவிலும், கோபத்தில் கை நடுங்கும்போதும் கத்தியை எடுக்க வேண்டாம். அன்றைக்கு வழக்கமான ரேசரே போதும், இல்லையென்றால் தாடி ஒருநாள் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.