டிஸ்க் விலகி கால் வரை இழுக்கும் வலி: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

என் அம்மா நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். சுவரோரம் உட்கார்ந்து, காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துக் குனிந்தால் அன்றைய ஆயிரம் முடிகிறவரை அந்த முதுகு நிமிராது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில், அடிபம்பில் இருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது ‘சுருக்’ என்றது அவருக்கு. இரண்டு நாள் வலி இடுப்போடு இருந்தது. மூன்றாம் நாள் பின்தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிப் பெருவிரலில் போய் நின்றது. “வாயுப்பிடிப்புதான், பூண்டைச் சுட்டுத் தின்னா சரியாப் போவும்” என்றாள் ஆச்சி.

இப்போது நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். அன்று எங்கள் வீட்டில் என்னென்ன தவறுகள் நடந்தனவோ, அதே தவறுகளை அதே வரிசையில் செய்துவிட்டுத்தான் இன்றும் பலர் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா இடுப்பு வலியையும் ‘பிடிப்பு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. வலி எங்கே என்று கேட்டால், தசைப்பிடிப்பு உள்ளவர் உள்ளங்கையை இடுப்பில் வைத்துத் தடவிக் காட்டுவார். நரம்பு அழுத்தம் உள்ளவர் ஒற்றை விரலால் இடுப்பில் இருந்து பாதம் வரை கோடு இழுப்பார். வலி முழங்காலுக்குக் கீழே இறங்குவது, மின்சாரம் பாய்வது போல வெட்டுவது, எறும்பு ஊர்வது போல மதமதப்பது, இருமினாலோ தும்மினாலோ மலம் கழிக்க முக்கினாலோ காலுக்குள் இழுப்பது, இவையெல்லாம் நரம்பு பேசுகிற பேச்சு. பாதத்தின் மேல்பக்கமும் பெருவிரலும் மரத்தால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் ஓரமும் குதிகாலும் மரத்தால் அதற்கு அடுத்த நரம்பு. வீட்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலு எட்டு, நுனிக்காலால் நாலு எட்டு நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தொய்ந்தால் வலியோடு பலக்குறைவும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு அண்ணாச்சி, கடைக்கு நடந்து போகும்போது வலது கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பத்து அடி போயிருக்கிறார். “செருப்பு பழசாப் போச்சு” என்று புதுச் செருப்பும் வாங்கிவிட்டார். விலகிய டிஸ்க் பாதத்தைத் தூக்கும் நரம்பை அழுத்தியிருந்தது. இப்படிப் பலம் குறைந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

அதைவிட அவசரமானதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்தெந்த இடம் படுமோ, அந்த இடம் மரத்துப் போவது, சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது அல்லது தெரியாமலே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு காலும் சேர்ந்து தொய்வது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குவதன் அறிகுறி இது. பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், அதற்கும் முன்னால் என்றால் இன்னும் நல்லது. இரவு எத்தனை மணியானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் இதை மகனிடமோ மருமகனிடமோ சொல்லக் கூசுகிறார்கள். “ஒண்ணுக்கு சரியாப் போவுதாம்மா?” என்று வீட்டில் உள்ளவர்களே கேட்டுவிடுங்கள். அதேபோல வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்தது, விழுந்து அடிபட்டது என்றால் டிஸ்க்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, ‘டிஸ்க் விலகிருச்சு’ என்கிறோமே, அந்தச் சொல்லே நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. விலகியது என்றால் தள்ளி உட்காரவைத்துவிடலாம் என்றுதானே தோன்றும்? டிஸ்க் இடம்விட்டு நழுவுகிற பொருள் இல்லை. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே 23 டிஸ்குகள் மேலும் கீழும் எலும்போடு ஒட்டியே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே பத்தமடைப் பாய் போல நார்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் அடுக்குகள், உள்ளே நுங்கு போலக் கொழகொழப்பான ஒரு மையம். வருடக்கணக்கான குனிதல், சுமை, பரம்பரை, வயது, புகைபிடித்தல் எல்லாம் சேர்ந்து நார் அடுக்கில் கீறல் விழுந்தால் நடுவில் உள்ளது அதன் வழியே பிதுங்கும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் இது நடக்கும். பிதுங்கியது நரம்பை அழுத்துகிறது, அதோடு அதிலிருந்து கசியும் ரசாயனங்கள் நரம்பைப் புண்ணாக்கி வீங்கவும் வைக்கின்றன. அதனால்தான் சின்னப் பிதுக்கம் உயிர்போகிற வலி தருவதும், பெரிய பிதுக்கம் பேசாமல் இருப்பதும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டால் சுளுக்கு எடுப்பது, முதுகில் உலக்கை உருட்டுவது, மிதிக்கச் சொல்வது எல்லாம் ஏன் ஆபத்து என்று புரியும். கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது எங்கள் ஊரில் நம்பிக்கை. அம்மாவையும் குப்புறப் படுக்கவைத்து மிதிக்கச் சொன்னார்கள். சாதாரணத் தசைப்பிடிப்பாக இருந்திருந்தால் சுகமாகக்கூட இருந்திருக்கும். வீங்கிக் கிடந்த நரம்பின்மேல் அழுத்தம் விழுந்ததில் அன்று இரவு முழுக்க அவர் உட்கார்ந்தே விடியவைத்தார். மெதுவாக எண்ணெய் தடவி நீவிவிட்டால் இறுகிய தசை இளகும், அதில் தவறில்லை. சொடுக்கு எடுப்பதும் மிதிப்பதும் திருகுவதும் வேண்டாம்.

குற்றால சீசனையும் சொல்ல வேண்டும். சாரல் தொடங்கியதும் “பேரருவியில நின்னா முதுகுவலி போயிரும்” என்று வேன் பிடித்துப் போகிறார்கள். நல்ல உடம்புக்கு அருவி தரும் சுகம் எனக்கும் தெரியும், நானும் போகிறவன்தான். ஆனால் கால் வரை வலி இழுக்கும் நாட்களில் தலைக்குமேல் கொட்டும் தண்ணீரின் கீழ் விறைத்துக் குனிந்து நிற்பதும், பாசி பிடித்த பாறையில் மரத்த காலை ஊன்றுவதும் சரிவராது. வழுக்கினால் அந்த உதறல் ஒன்றே போதும். அடுத்த சீசனுக்கும் அருவி அங்கேதான் இருக்கும்.

ஸ்கேன் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மஞ்சள் பையில் எம்.ஆர்.ஐ. படத்தோடு வந்து, உட்காருவதற்கு முன்பே “மூணு டிஸ்க் போச்சு, இனிமே நான் அவ்வளவுதான்” என்று அழுதவர்கள் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது. 2015-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு, எண்பது வயதில் 84 சதவீதம். ஆக, படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. உங்கள் விரல் இழுத்த கோடும், மரத்த இடமும், தொய்ந்த தசையும் படத்தில் உள்ள நரம்போடு பொருந்த வேண்டும். பலக்குறைவோ மேலே சொன்ன அவசர அறிகுறியோ இல்லாவிட்டால் முதல் சில வாரங்களில் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. டாக்டர் “இப்ப வேண்டாம்” என்றால் அவர் அசட்டையாகப் பார்க்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி, நான் மிகவும் வருத்தப்படும் தவறுக்கு வருகிறேன். படுத்தே கிடப்பது. அம்மாவை மூன்று வாரம் தரையில் பாய் விரித்துக் கிடத்திவிட்டார்கள். எழுந்தபோது வலி அப்படியே இருந்தது, நடக்கிற தெம்புதான் போயிருந்தது. 1999-இல் நெதர்லாந்தில் கால் வரை இழுக்கும் வலியுள்ள 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள், மற்றவர்களை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் ஒரு நாள்கூட முந்தவில்லை. உடம்பே பிதுங்கியதை மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் இதன் பின்னால் உள்ள நல்ல செய்தி. பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகள்தான் அதிகம் சுருங்குகின்றன என்பது பலருக்கு நம்பவே முடியாத விஷயம்.

தாங்க முடியாத முதல் இரண்டு மூன்று நாள் படுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலை நாற்காலிமேல் வைக்கலாம், அல்லது ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கலாம். வெறும் தரைதான் முதுகுக்கு நல்லது என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், அமுங்கிப் போகாத மெத்தை போதும். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் தெருவில் நடை, வந்து ஓய்வு, மறுபடி நடை.

எவ்வளவு நடக்கலாம், எந்தப் பயிற்சி செய்யலாம் என்பதற்கு வலியே வழிகாட்டும், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால். 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்ததில் காலில் இருந்த வலி போய்விட்டது. அதிலிருந்து அவர் கண்டுகொண்ட அடையாளம் இன்றும் எங்களுக்கு உதவுகிறது. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், கெண்டைக்காலில் இருந்து தொடைக்கும், தொடையில் இருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்ல திசை. கீழே இறங்கினால் செய்வதை நிறுத்துங்கள். “தம்பி, நீங்க சொன்ன மாதிரி குப்புறப் படுத்தேன், கால் வலி கொறஞ்சு இடுப்பு வலி கூடிட்டு, அதான் விட்டுட்டேன்” என்று மதினி முறையில் ஒருவர் போனில் சொன்னார். அவர் குணமாகத் தொடங்கியிருந்தார். விட்டதுதான் தவறு.

ஆனால் இந்தப் பின்வளைவு எல்லோருக்கும் ஒத்துவராது. தண்டுவடப் பாதையே குறுகிப்போன முதியவர்களுக்குப் பின்னால் வளைந்தால் வலி கூடும். அதனால் யூடியூப் பார்த்துத் தொடங்காமல் ஒரு முறையாவது நேரில் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

காலைக் கோலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் அதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு எழுந்த கையோடு முழங்காலை மடக்காமல் குனிந்து வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவது டிஸ்குக்கு அன்றைய நாளின் மிக மோசமான வளைவு. ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள், இல்லையென்றால் ஆறு வாரத்துக்கு வீட்டில் வேறு யாராவது போடட்டும்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கித் தின்றால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் ப்ரிகாபலின், கால் வரை இழுக்கும் வலிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அதிகம் உதவவில்லை என்று 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது, தலைச்சுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சித்த மருந்து வேண்டுமென்றால் அங்கே போங்கள். பெயர் எழுதாத பொட்டலப் பொடியை மட்டும் வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது.

“முதுகுல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்” என்ற பயத்தில், கால் தொய்ந்த பிறகும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு பக்கம். வலி வந்த பத்தாம் நாளே ஆபரேஷன் கேட்கிறவர்கள் மறுபக்கம். 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் ஒப்பிட்டபோது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் ஆனபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பிற்பாடு ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதும் உண்மை. அவசர அறிகுறியும் பலக்குறைவும் இல்லாதவர், ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் வலி குறையவில்லை என்றால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் உட்கார்ந்து பேசலாம். வேலைக்கு உடனே திரும்பியாக வேண்டிய டிரைவருக்கும் பென்ஷன் வாங்கும் பெரியவருக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வலி விட்டதும் மறுநாளே பழையபடி இறங்குவதும் நம்மிடம் உள்ள பழக்கம். கேஸ் சிலிண்டர் நிரம்பி இருந்தால் முப்பது கிலோ வரும், அதைத் தூக்காமல் அடிவிளிம்பில் உருட்டுங்கள். ரேஷன் அரிசியை இரண்டு பையாகப் பிரித்து இரண்டு கையில் பிடியுங்கள். வாழைத்தார் சுமக்கிறவர்கள் முதல் மாதம் தூக்கிவிட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், தரையில் இருந்து தலைக்கு ஏற்றும் அந்த ஒரு திருகல்தான் ஆபத்து. பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் இல்லாமலே மூன்று மாதத்தில் சரியானது. தட்டு இப்போது மடியில் இல்லை, எதிரே ஒரு ஸ்டூலில் இருக்கிறது. அவர் கீழே உட்காராமல் சாய்மானமுள்ள நாற்காலியில், முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டோடு உட்காருகிறார். ஐம்பது பீடிக்கு ஒருக்கா எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் வளைந்து, வாசல் வரை போய்த் திரும்புகிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அந்தத் தெருவில் நாலு வீட்டில் ஸ்டூல் வந்திருக்கிறது.