கேம்பிங் டிரெய்லருக்கு லித்தியம் பேட்டரி: முதலில் நெகட்டிவ் வயர்களை எண்ணுங்கள்

என் டிரெய்லரில் இருந்த இரண்டு லெட்-ஆசிட் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் இரண்டு வைத்தேன். தூக்கி வைக்க அரை மணி நேரம். மற்றதற்கெல்லாம் இரண்டு வாரக் கடைசி போனது. அந்த மற்றதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

லித்தியம் என்று நான் சொல்வது 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை. உள்ளே 3.2 வோல்ட் செல் நான்கு, கூடவே ஆபத்து வந்தால் இணைப்பைத் துண்டித்து அவற்றைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டு. செல்போனில் இருக்கும் வகை வேறு. அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி வாங்கும் முன் சார்ஜரைப் பாருங்கள். டிரெய்லரோடு வந்த பழைய கன்வர்ட்டர் (வெளி மின்சாரத்தை டிசியாக்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி) பெரும்பாலும் 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வரை வேண்டும். 13.6-இலும் ஏறும்தான், ஆனால் மெதுவாக. செல்களைச் சமப்படுத்தும் வேலையும் சரியாக நடக்காது. நான் கன்வர்ட்டரை மாற்றிவிட்டேன். சோலார் கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருந்தால் மாற்றத் தேவையில்லை. அதை லித்தியம் என்று வைத்து, ஈக்வலைஸை (லெட்-ஆசிட்டுக்கு அவ்வப்போது கொடுக்கும் அதிக வோல்ட் சார்ஜ்) அணைத்துவிட்டால் போதும்.

இழுக்கும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக சார்ஜ் செய்யும் ஆசை வேண்டாம். லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் குடிக்கும், ஆல்டர்னேட்டர் கொதித்துவிடும். நடுவில், கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். 7 முள் பிளக்கில் வரும் மெல்லிய வயரை நம்பிப் பெரிய சார்ஜர் வாங்காதீர்கள். அதற்குத் தனியாகத் தடித்த வயர் இழுக்க வேண்டும்.

சரி, இப்போது கழற்றலாம். சோலார் பேனலை முதலில் துண்டித்து, வெளி மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு, நெகட்டிவை முதலில் எடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு போட்டோ. புதிய பேட்டரிகளை இணையாகச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள். பாசிட்டிவை ஒரு பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும்.

பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வரவேண்டும். நான் கிளாஸ்-டி (Class T) தவிர வேறெதையும் போடமாட்டேன். லித்தியம் ஷார்ட் ஆனால் வரும் கரண்டுக்கு மலிவான ஃபியூஸ் உருகியபிறகும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டு நிற்கலாம். 1000 வாட் இன்வெர்ட்டர் ஒன்றே 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதனால் வயர் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. வயர் நுனியில் லக் (பேட்டரி முனையில் மாட்டும் உலோக வளையம்) அடிக்க ஹைட்ராலிக் கிரிம்ப்பர். சுத்தியலால் அடித்த லக்கை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது.

இனி என்னைக் கவிழ்த்த இடம்: ஷன்ட். லெட்-ஆசிட்டில் வோல்ட்டைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். லித்தியம் 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் 13-க்குச் சற்று மேலேயே நிற்கும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் கட்டாயம். நான் வாங்கியது விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட்; போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், சுவரில் ஓட்டை போட வேண்டாம்.

முதல் பயணம். இரண்டாம் இரவு படுக்கும்போது போனைப் பார்த்தேன், 60 சதவீதம் சொச்சம். நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு மணிக்கு ஃபேன் நின்ற அமைதியில்தான் விழிப்பு வந்தது. ஃபிரிட்ஜ் இல்லை, விளக்கு இல்லை. போனில் கடைசியாகப் பதிவான எண் 56. பிஎம்எஸ்ஸோ பேட்டரி காலி என்று கதவைச் சாத்திவிட்டது.

பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள் சார்ஜ் ஏற்றிவிட்டு டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (ஏசி மட்டும் அளக்கும் மாடல் இதற்கு உதவாது, வாங்கும்போது பாருங்கள்.) பாசிட்டிவ் வயரில் 9 ஆம்பியர். ஷன்ட்டுக்குப் போகும் நெகட்டிவில் 4 ஆம்பியர். மீதி 5 எங்கே? பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவியபோது, அழுக்கேறிய ஒரு கறுப்பு வயர் நெகட்டிவ் முனையிலிருந்து டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்குப் போய் ஒரு போல்ட்டில் முடிந்திருந்தது. பழைய எர்த் வயர். பேட்டரி மாற்றும்போது அதை அப்படியே திரும்ப மாட்டியது நானேதான்.

டிரெய்லரின் நெகட்டிவ் எல்லாம் சட்டத்தோடும் சேர்ந்திருப்பதால் கரண்டுக்கு இரண்டு வழி. ஷன்ட் ஒரு வழியைத்தான் பார்க்கிறது. 9-இல் 4 என்றால் 200 ஏஎச்சில் 89. அதாவது 44 சதவீதம் செலவானதாக எண்ணியிருக்கிறது, மிச்சம் 56. மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் பாதியைக் காட்டவில்லை.

ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையில், பேட்டரிகளை இணைக்கும் வயரைத் தவிர, ஒரே ஒரு வயர்தான் இருக்கவேண்டும்: ஷன்ட்டுக்குப் போவது. சட்டம், இன்வெர்ட்டர், சோலார், முன்பக்க ஜாக் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கத்தில் ஒரு பஸ்பாரில் (பல வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை). வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் கிளாம்ப் மாட்டுங்கள். ஒரே எண் வந்தால்தான் மூடியைப் போடலாம். அப்புறம் ஷன்ட்டின் ஆப்பில் கொள்ளளவு 200, பியூகர்ட் (வேகமாக இழுத்தால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்பதற்கான எண்) 1.05, சார்ஜ் திறன் 99 சதவீதம் என்று வையுங்கள்.

பின்சேர்க்கை 1: குளிர்ப் பிரதேசத்தில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பழுதல்ல. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும், பிஎம்எஸ் தடுத்திருக்கிறது. பேட்டரியை டிரெய்லருக்கு உள்ளே கொண்டுவாருங்கள், அல்லது ஹீட்டர் உள்ள மாடலாக வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சின் பாசிட்டிவை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் மாட்டாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தால் அந்தப் பிரேக் செத்துப்போன மாதிரிதான். பேட்டரிப் பக்கமே, தனி ஃபியூஸோடு மாட்டுங்கள். பிஎம்எஸ் அணைந்தாலும் இதே கதி என்பதால் காலிப் பேட்டரியோடு ரோட்டுக்குப் போகாதீர்கள். நான் 7 முள் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரேக்அவே சுவிட்சின் பின்னை (pin) இழுத்து, வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்திப் பார்த்தேன். டிரெய்லர் சக்கரங்கள் சுழலாமல் ஜல்லியில் கோடு போட்டன.